நாலாவது தடவை நின்றால்

என் அத்தான் முப்பத்தொரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'வந்துட்டேன்'. எங்காவது லிப்ட் பாதியில் நின்று ஆள் மாட்டிக்கொண்டால் போனில் அவர் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். அதைக் கேட்டதும் உள்ளே இருப்பவருக்குப் போன உயிர் திரும்பி வரும். அத்தான் அப்போதுதான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

அதே வார்த்தையை அக்காவிடமும் சொல்வார். வம்பு அங்கேதான். மகளின் பள்ளி விழா, மாமனாரின் ஆபரேஷன், சொந்தக் கல்யாண நாள் எல்லாவற்றுக்கும் "வந்துட்டேன்" என்பார். வழியில் போன் அடிக்கும். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே யாரோ தொங்கிக்கொண்டிருப்பார். அக்கா தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவாள். சண்டை போடவும் வழியில்லை. மாட்டிக்கொண்டவனை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது?

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த இயந்திரத்துக்குள் கை வைத்தாலும் முதலில் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். தான் அடியில் இருக்கும்போது மேலே எவனாவது சுவிட்சைப் போட்டுத் தொலைக்கக் கூடாதே! கூட்டாளி ஒருவருக்கு அப்படித்தான் இரண்டு விரல் போயிற்று. நல்ல பழக்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதி வேலையில் வேறு அழைப்பு வந்தால் பையில் பியூஸோடு கிளம்பிவிடுவார். சாயங்காலம் துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அக்கா அதை எடுப்பாள். அந்த நேரத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருக்கும்.

ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு பழைய வீட்டு வேனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடித்து வைக்கிற மேஜை என்று சகலமும் இருந்தன. ஓடுகிற ஆசை மட்டும் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"மக வீட்டுக்கு இதுலயே போவோம். வழி பூரா உன்கூடத்தான் இருப்பேன்" என்றார்.

அக்கா வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இத்தனை நாள் ஊரார் லிப்டுக்கு அடியில படுத்திருந்தீங்க. இனிமே இதுக்கு அடியிலயா?"

பேச்சு முற்றி ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. மகள் வீடு போய்ச் சேர்வதற்குள் வண்டி நாலு தடவை பழுதாகி நின்றால், விற்றுவிட வேண்டும். அத்தான் அக்காவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். நடுவராக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்த படுக்கை நாலரை அடி. நான் ஐந்தே முக்கால்.

முதல் நாள் மதியத்துக்குள் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. ஒன்று. பெல்ட் அறுந்தது. இரண்டு. அப்புறம் பக்கவாட்டுக் கதவு கழன்று ரோட்டில் விழுந்தது.

"மூணு!" என்றாள் அக்கா.

"அதெப்படி? வண்டி எங்க நின்னுச்சு? கதவை எடுக்க நான்தானே நிறுத்தினேன். நீயே சொல்லு மாப்ளே!"

நியாயம் அவர் பக்கம் இருந்தது. அப்படியே தீர்ப்புச் சொன்னேன். அடுத்த நாற்பது கிலோமீட்டருக்கு அக்கா என்னோடு பேசவில்லை. அவள் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில் கிளட்ச் கேபிள் அறுந்து வண்டி தானாகவே நின்றது. மூன்று.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தடவை நின்றபோதும் அத்தான் வேலை செய்தார், அக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். பேசிக்கொண்டே இருந்தார்கள். இருவரும் ஒரே நாளில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை ஒரு பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் இருந்தோம். மகள் வீட்டுக்கு இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர். அத்தான் இன்ஜின் மூடியைத் திறந்து எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் அக்கா எட்டிப் பார்த்து, "சட்டையெல்லாம் எண்ணெய். இதோடவா மக முன்னாடி போய் நிப்பீங்க? கழட்டுங்க" என்றாள். கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வேலையை முடித்தார். சாவியைத் திருப்பினார்.

ஒரு முனகல்கூட இல்லை.

பேட்டரியைப் பார்த்தார். ஒயரையெல்லாம் தடவினார். ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டினார். பியூஸ் பெட்டியையும் திறந்தார். அதில் பாதி இடம் வாங்கும்போதே காலி, இன்னொரு காலியிடம் கண்ணில் படவில்லை. வெயில் ஏறியது. அக்கா சட்டையை அலசிக் கொடியில் போட்டுவிட்டு வேனுக்குள்ளேயே இருந்தாள். ஸ்டூல் போடவில்லை, ஸ்பேனர் கொடுக்கவில்லை. தோற்கிற நேரத்தில் கைவிட்டுவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் எரிச்சலாக வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து அத்தான் படியில் வந்து உட்கார்ந்தார். கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தார்.

"நாலு" என்றார்.

"அத்தான், இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே. நடுவர் நான். நான் இன்னும் சொல்லல."

"நீ என்ன சொல்றது, எனக்குத் தெரியாதா? நின்னுடுச்சு. பழைய வண்டி விலைக்கு எடுக்கிறவர் நம்பர் உங்கிட்ட இருக்கில்ல? போடு. உங்கக்காகிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டுச் செய்யாம இருந்திருக்கேன். இதையாவது செய்யறேன்."

சுத்தமாகிவிட்ட கையையே மறுபடியும் துடைத்தார். அந்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் போனை எடுத்து நம்பரைத் தேடினேன்.

"போனை வை" என்று அக்கா வெளியே வந்தாள். அத்தான் முன்னால் உள்ளங்கையை விரித்தாள். அதில் ஈரமாக ஒரு பியூஸ் இருந்தது. "இந்தாங்க. சட்டைப் பையில இருந்துச்சு."

அத்தான் பியூஸைப் பார்த்தார், கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது வண்டிக் கோளாறு இல்ல, ஆள் கோளாறு. கணக்குல வராது" என்றாள் அக்கா. நடுவரை யாரும் கேட்கவில்லை.

பியூஸை மாட்டியதும் வண்டி முதல் திருப்பிலேயே உறுமியது. அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த சமயம் நான் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்: "துவைக்கும்போதே கிடைச்சிருக்கும். ரெண்டு மணி நேரமா ஏன் கையில வெச்சிருந்தே?"

"தோத்தா சொன்னபடி செய்யறாரா, வழக்கம்போல ஏதாவது சாக்குச் சொல்றாரான்னு பார்த்தேன்" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இந்த வண்டி பெருசாடா?" என்றாள்.

மதியம் மகள் போன் செய்தாள். "எங்க இருக்கீங்கப்பா?"

"வந்துட்டேன்மா!" என்றார் அத்தான். அந்த வார்த்தைக்கு அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

உண்மையிலேயே வந்துவிட்டோம். தெருமுனை திரும்பினோம். மகள் வாசலில் நின்று கையாட்டுவது தெரிந்தது. இன்னும் ஆறு வீடு இருக்கும்போது வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கிப் புகைவிட்டு நின்றது. இந்தத் தடவை சந்தேகமே இல்லாத, கலப்படமில்லாத பழுது.

அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சுவிடாமல் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா கீழே இறங்கிவிட்டாள். பின்பக்கம் போய் முந்தானையைச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் வண்டிமேல் வைத்தாள்.

"என்னடா வேடிக்கை பார்க்கிற? நின்னது மகளுக்குத் தெரிஞ்சுடப் போகுது. வந்து தள்ளு!"