கட் சொன்ன பிறகு ரோஸ்லின் பார்த்தது

தி. நகரில் ஒரு கதை விவாதத்தின் நடுவே அந்தோணியின் அழைப்பு வந்தது. படத்தொகுப்பாளர் ரோஸ்லினின் தம்பி அவர். "அக்கா போயிடுச்சுண்ணா. காலையில காபி கேட்டுச்சு. போட்டுக் கொண்டாறதுக்குள்ள..." என்றார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அடையாறு மருத்துவமனையிலிருந்து ரோஸ்லினை வீட்டுக்கு அனுப்பிய நாள் முதலே எதிர்பார்த்த செய்திதான். அறையில் இருந்தவர்களிடம் சொன்னேன். இளம் இயக்குநர் ஒருவர், "எந்தப் படமெல்லாம் பண்ணாங்க சார்?" என்று கேட்டார். தெரியாமல் கேட்டதுதான். ரோஸ்லினைத் தெரிந்த உங்களுக்காக, அவர் நினைவாக இதை எழுதுகிறேன்.

அவர் செய்த படங்களையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவருக்கு வேலை வருவது குறைந்தது. காரணம் பலருக்குத் தெரியாது.

அந்தப் படத்தின் கதாநாயகன் பரிதி, படப்பிடிப்பு முடிவதற்கு முன்பே கோபாலபுரத்தில் தன் வீட்டில் மாரடைப்பில் இறந்துபோனார். நாற்பதைத் தொடாத வயது. கதையின் கடைசிப் பகுதியும் இடையில் சில காட்சிகளும் எடுக்கப்படாமல் நின்றன. காரியம் முடிவதற்குள் தயாரிப்பு அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். வேறு நடிகரை வைத்து முதலிலிருந்து எடுக்கலாம் என்றால், மற்ற நடிகர்கள் வேறு படங்களுக்குப் போயிருந்தார்கள். இன்னொருவர் உடம்பில் பரிதியின் முகத்தைக் கணினியில் பொருத்தி ஒரு மாதிரி செய்து காட்டினார்கள். அந்த முகம் சிரித்ததும் யாரோ எழுந்து திரையை அணைத்துவிட்டார்கள். எடுத்த வரைக்கும் வைத்துக்கொண்டு, கதையிலும் அவரைச் சாகடித்து முடித்துவிடுவது என்று கடைசியில் தீர்மானித்தார்கள். அதற்கு ஏற்றபடி எழுதித் தர ஆள் வேண்டும் என்றபோது என் பெயரைச் சொன்னவர் ரோஸ்லின்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் வீட்டு மாடியில்தான் தொகுப்பு அறை. நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பரிதி பேச வேண்டியதை மற்றவர்கள் பேசும்படி மாற்றினேன். அவர் உயரத்தில் ஒருவரைத் தேடிப்பிடித்து, முதுகு மட்டும் தெரிய நிறுத்தி எடுத்து வந்தார்கள். இரண்டு காட்சிகளில் அவர் தொலைபேசியில் மட்டும் பேசுவார் என்று வைத்து, அதற்கு ஒரு மிமிக்ரி கலைஞரை அழைத்தார்கள். நன்றாகவே செய்தார். "கதவத் தொறந்து வை, வந்துடறேன்" என்று பரிதியின் குரலே வந்ததும், அவரோடு பல படங்களில் பழகிய தயாரிப்பு மேலாளர் எழுந்துவிட்டார்.

"இன்னாக்கா இது, ஆளு உள்ள கீறா மாதிரியே கீது. நான் கீழ நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை ரோஸ்லின் அந்தக் குரலை எடுத்துவிட்டார். அந்தக் காட்சிகளில் தொலைபேசி மணி மட்டும் அடிக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். "ஆளு இல்லன்னா இல்லன்னு தெரியட்டும் ரைட்டர். இருக்கற மாதிரி ஏமாத்தினா, அவங்க வீட்டுல எப்படி உக்காந்து பாப்பாங்க?" என்றார்.

முகம் தெரியும் துண்டுகள் போதவில்லை. அதனால் ஒதுக்கி வைத்திருந்த பதிவுகளையெல்லாம் அவர் பார்க்க ஆரம்பித்தார். கிளாப் அடிப்பதற்கு முன்னால், கட் சொன்னதற்குப் பின்னால், கேமரா ஓடிக்கொண்டிருந்த சில நொடிகளில் பரிதியின் ஒரு பார்வையோ திரும்பலோ கிடைக்குமா என்று தேடினார். சில கிடைத்தன. அப்படித் தேடும்போதுதான் அந்தப் படிக்கட்டுப் பதிவு வந்தது.

ஒரு பழைய பங்களாவின் மரப்படிகளில் பரிதி ஓடி ஏற வேண்டும். திரும்பத் திரும்ப எடுத்திருந்தார்கள். ஒரு முறை கட் என்று குரல் வந்ததும் அவர் இறங்கி வரவில்லை. படியிலேயே உட்கார்ந்தார். இடது தோளைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வியர்வை, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். "இன்னொண்ணு போயிரலாமா?" என்று அந்தப் படத்தின் இயக்குநரின் குரல் கேட்டது. பரிதி தலையை நிமிர்த்தாமலே கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். கைப்பிடியைப் பற்றி எழுந்து, கீழே போய், மறுபடியும் ஓடி ஏறினார்.

அவர் இறப்பதற்கு முந்தின வாரம் எடுத்தது அது. ரோஸ்லின் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றார். நான் பின்னால் போனபோது, "யாராவது ஒரு சேர் போட்டிருக்கலாம்ல" என்றார்.

மறுநாள் இயக்குநர் வந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கேரக்டர் படியிலயே சாகற மாதிரி எழுதிருங்க சார். நமக்கு முடிவு கெடச்சிருச்சு" என்றார்.

"அது நடிப்பு இல்ல சார்" என்றார் ரோஸ்லின்.

"தெரியும் மேடம். அதனாலதான் கேக்கறேன். எந்த நடிகனாலயும் இத பண்ண முடியாது."

"அப்ப உமா பாத்துட்டுச் சொல்லட்டும்" என்று ரோஸ்லின் கைப்பேசியை எடுத்தார். உமா, பரிதியின் மனைவி.

உமா தனியாக வந்தார். ரோஸ்லின் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்ன வரப்போகிறது என்பதை முதலிலேயே சொன்னார். "வேணாம்னா இப்பவே போயிடலாம்மா. நடுவுல நிறுத்தணும்னா என் கையப் புடி." உமா கையைப் பிடிக்கவில்லை. முழுவதும் பார்த்தார்.

"இது என்னிக்கு எடுத்தது?"

ரோஸ்லின் தேதியைச் சொன்னார்.

"அன்னிக்கு வந்து வாயுன்னு சொன்னாரு. நான் ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்தேன்" என்றார் உமா. பிறகு, "அங்க யாருமே பாக்கலியாக்கா?" என்று கேட்டார்.

"எல்லாரும் அங்கதாம்மா இருந்தாங்க."

இயக்குநர் சுவரோரமாக நின்றிருந்தார். "அவரேதான் போலாம்னு கை காட்டினாரு" என்றார். உமா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ரோஸ்லினிடம்தான் பேசினார். "பாப்பா பெருசாயிட்டா இந்தப் படத்தப் பாப்பா. இது வேணாங்க்கா."

உமா போன பிறகு இயக்குநர் விடவில்லை. துக்கத்தில் சொல்வதையெல்லாம் கணக்கில் எடுத்தால் படம் நிற்கும் என்றார். ஹார்ட் டிஸ்க்கை வேறு தொகுப்பாளரிடம் கொண்டு போகிறேன் என்றார். ரோஸ்லின் குரலை உயர்த்தவில்லை. "எடுத்துக்கினு போங்க சார். ஆனா தியேட்டர்ல அந்த ஷாட் வந்துச்சுன்னா, அது என்னிக்கு எடுத்தது, அதுக்கப்புறம் எத்தினி வாட்டி அவர ஓடவிட்டீங்கன்னு நடிகர் சங்கத்துல நான் வந்து சொல்லுவேன்."

இது தயாரிப்பாளர் காதுக்குப் போனது. விசாரணை, வழக்கு என்று வந்துவிடுமோ என்று அவர் பயந்தார். அந்த ஷாட் வரவில்லை. பரிதி படியேறி மேலே போவார், கதவு சாத்தும் சத்தம் கேட்கும், அதன் பிறகு அவர் வரமாட்டார். நான் எழுதியதும் அவ்வளவுதான். படம் வந்தது. முடிவு பொருந்தவில்லை என்று எல்லோரும் எழுதினார்கள். வந்த வேகத்தில் போயும்விட்டது. படிக்கட்டில் நடந்ததற்கு யாரும் எங்கும் பதில் சொல்லவில்லை. இயக்குநர் அடுத்த படத்தைத் தொடங்கினார். ரோஸ்லின் சண்டைக்காரர் என்ற பேச்சுப் பரவியது. கையில் இருந்த இரண்டு படங்கள் வேறு தொகுப்பாளர்களுக்குப் போயின. பிறகு அவர் கல்யாண வீடியோக்களும் விளம்பரங்களும் வெட்டிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது அவர் கையில் கனமே இல்லை. அந்தக் கையை நான் பிடித்திருந்தேன். அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். "அன்னிக்கு அத எடுத்துட்டது சரியான்னு இன்னும் தெரியல ரைட்டர். வெச்சிருந்தா ஊரே பாத்திருக்கும், அவர இன்னா பண்ணாங்கன்னு. நான் எடுத்ததுல அவங்களும் தப்பிச்சுக்கினாங்க."

"உமா கேட்டாங்கல்ல" என்றேன்.

"ஆமா, கேட்டா. அவ கேட்டா எப்படி முடியாதுன்னு சொல்லுவேன்?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கத்துக்கு உமா மகளுடன் வந்திருந்தார். அந்தப் பெண் இப்போது அம்மாவின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். கல்லறையில் மண் போட வரிசையில் நின்றபோது உமா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இவ அந்தப் படத்த அடிக்கடி பாப்பா. அவர் படியேறிப் போறவரைக்கும் பாப்பா. அப்புறம் நிறுத்திடுவா." இதை ரோஸ்லினிடம் எப்போதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னதில்லை என்றார்.

ரோஸ்லினின் துணிச்சல் எனக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம் மட்டும். படப்பிடிப்புத் தளத்தில் கட் என்றதும் எல்லோரும் மானிட்டரைச் சுற்றிக் கூடுவார்கள். நான் அங்கே போவதில்லை. நடித்தவர் எங்கே உட்காருகிறார் என்று பார்க்கிறேன்.