சுரேஷ் அண்ணா கொடுத்த கட்டிங் பிளேயர்

கேட்டி என்ற ஊரில் நாங்கள் வீடு வாங்கியபோது, கிரகப்பிரவேசத்துக்கு வந்த கணவரின் நண்பர் சுரேஷ் அண்ணா ஒரு டூல் செட் பரிசளித்தார். "கட்டிங் பிளேயர் ஃபுல்லா இன்சுலேட்டட்மா, தைரியமா கரன்ட் வேலை பண்ணலாம்" என்றார்.

ஒருநாள் ஹாலில் சுவிட்ச் மாற்ற உட்கார்ந்தேன். பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். ஆனால் மின் பேனலில் பழைய வீட்டுக்காரர் வேறொரு அறையின் பிரேக்கருக்கு 'ஹால்' என்று தப்பாக எழுதியிருந்தது எனக்குத் தெரியாது. பிளேயரால் ஒயரைப் பிடித்து இழுத்ததும் கைப்பிடியின் சிவப்பு உறை கழன்று, விரல் இரும்பில் பட்டது. அடித்த ஷாக்கில் எதிர்ச்சுவரில் போய் விழுந்தேன். பிழைத்தது என் நல்ல நேரம்.

சுரேஷ் அண்ணாவுக்கு போன் பண்ணினேன். சிரித்தார். "எனக்கே கிஃப்ட்டா வந்ததும்மா, நான் என்ன செக் பண்ணியா குடுத்தேன்?"

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

அவர் புது வீடு வாங்கினார். கிரகப்பிரவேசத்தில் அதே பிளேயரை ஜிகினாத் தாளில் சுற்றி நீட்டி, "இங்கயே பிரிங்க அண்ணா" என்றேன். அத்தனை பேர் முன்னால் பிரித்தார். பிடித்ததும் உறை கையோடு வந்தது. அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இது எங்க அண்ணன் நமக்குக் குடுத்ததாச்சே?" அந்த அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

இப்போது ஆயிரம் வோல்ட் முத்திரையும், கழற்றவே முடியாத உறையும் உள்ள பிளேயரை நானே பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த ஒயரையும் தொடுவதில்லை.

போன வாரம் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு சுரேஷ் அண்ணா பூங்கொத்தோடு வந்தார்.

"இன்சுலேட்டட்தானே அண்ணா?" என்று சத்தமாகக் கேட்டேன்.