யார் கலந்த கரி

சிமெண்டு ஆலையில் அவருக்குப் பெயர் மோப்பக்காரர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறார்கள் என்பதையும் அவர் மோப்பம் பிடித்து வைத்திருந்தார். வீட்டில் பாலை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் ஏற்ற விடமாட்டார். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "பூட்டின கைய நம்பலேன்னா, இழுத்துப் பாக்கிற கைய மட்டும் எப்படி நம்புறீங்க?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அவள் கிண்டல் செய்கிறாள் என்பது புரியாமல் அதையும் அவர் யோசித்தார்.

தங்கைக்கு வரன் வந்தபோது பையனைப் பற்றி எங்கெங்கோ விசாரித்தார். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. "ஒருத்தன்கிட்ட குறையே இல்லேன்னா எங்கியோ ஒளிச்சு வச்சிருக்கான்னு அர்த்தம்" என்றார். ஆனாலும் கல்யாணம் நடந்தது. அந்த மாப்பிள்ளைக்கு ஆலையின் எரிபொருள் கிடங்கில் லோடர் ஓட்டும் வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அவருடைய வேலை சூளையை ஓட்டுவது. ஆலையின் சூளை ஒரு தெருவின் நீளத்துக்குச் சாய்வாகப் படுத்துக்கொண்டு இரவும் பகலும் உருளும் இரும்புக் குழாய். ஒரு பக்கம் உயரமான கோபுரத்தின் வழியாகச் சுண்ணாம்புக்கல் தூள் சூடேறிக்கொண்டே இறங்கும். மறுபக்கம் தீ சீறும். நடுவில் வெந்து உருண்டு, கிளிங்கர் என்ற கெட்டி உருண்டைகளாக வெளியே விழும். அதை அரைத்தால் சிமெண்டு. மற்ற ஆபரேட்டர்கள் கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்தே ஷிப்டை ஓட்டிவிடுவார்கள். இவர் மட்டும் அடிக்கடி எழுந்துபோய், கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துத் தீயின் முகத்தைப் பார்த்துவிட்டு வருவார். சந்தேகம் ஒரு தகுதியாக எண்ணப்படும் உத்தியோகம் உலகத்தில் ஏதாவது இருந்தால் அது இதுதான்.

நிலக்கரி மட்டுமே தின்றுவந்த அந்தச் சூளைக்கு ஒரு நாள் பெட்கோக் வந்தது. கச்சா எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்தபின் கடைசியில் மிஞ்சுகிற கரி. நிலக்கரியைவிடக் கறுப்பு, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று அப்பும். சாம்பல் கொஞ்சம், சூடு அதிகம், விலையும் மலிவு. ஆனால் லேசில் பற்றாது. நைசாக அரைக்கவேண்டும், காற்றும் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே அதில் கந்தகம் அதிகம். அந்தக் கந்தகம் தூளோடு சேர்ந்து கோபுரத்தின் குழாய்களில் பசைபோல ஒட்டும், ஒட்டியது இறுகும், இறுகியது வழியை அடைக்கும். அதனால் நிலக்கரியோடு பாதிக்குப் பாதி கலந்து எரிப்பது என்று முடிவாயிற்று. கிடங்கில் அந்தக் கலவையைப் போடும் வேலை மாப்பிள்ளையுடையது. லோடரில் நிலக்கரி ஒரு அள்ளு, பெட்கோக் ஒரு அள்ளு.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு கோபுரம் அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. அடைக்கும்போதெல்லாம் சூளையை நிறுத்தி, ஆட்கள் மேலே ஏறி, துளை வழியாக நீளக் குழாயை விட்டுக் காற்றடித்து இடித்துத் தள்ளவேண்டும். அந்த வேலையில் கெட்டிக்காரன் ஒட்டடை என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப்பிச்சான். மூன்றாவது முறை அடைத்தபோது, உள்ளே தேங்கி நின்ற சுடுதூள் திடீரென்று உடைத்துக்கொண்டு தண்ணீர்போலத் துளை வழியே பாய்ந்தது. ஒட்டடையின் வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துவிட்டு வந்த மோப்பக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. ஆலையின் லேபில் வேலை பார்க்கும் பெண்ணிடம் போய்க் கேட்டார்.

"சுடுதூள்ல கந்தகம் எப்படி இருக்கு?"

"ரெண்டு மடங்கு ஏறியிருக்கு சார். மேனேஜர்கிட்ட அன்னிக்கே சொன்னேன். பாத்துக்கிறேன்னாரு."

பாதிக்குப் பாதி எரித்தால் இவ்வளவு ஏறாது. அப்படியானால் சொன்னதைவிட அதிகமாகப் பெட்கோக் உள்ளே போகிறது. கலப்பது யார்? மாப்பிள்ளை. அந்தப் பதில் வந்து நின்றதும், அதற்குத் தோதாக மற்றவையெல்லாம் தானாக வரிசைகட்டின. கொஞ்ச நாளாக மாப்பிள்ளை கேன்டீனில் அவரோடு உட்காருவதில்லை. கிடங்குப் பேச்சை எடுத்தால் கிரிக்கெட்டுக்குத் தாவுகிறான். போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறான். நிலக்கரிக்கு வெளியே கிராக்கி உண்டு, செங்கல் சூளைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவான். மிச்சம் பிடிக்கிற நிலக்கரியை எங்கோ தள்ளிவிடுகிறான், வேறென்ன?

மறுநாள் கரி மேலே ஏறும் கன்வேயர் பாலத்தின் உடைந்த ஜன்னல் ஓரம் நின்று கிடங்கை வேவு பார்த்தார். கீழே லோடர் போய்ப் போய் வந்தது. பெட்கோக், பெட்கோக், மறுபடி பெட்கோக், அப்புறம் நிலக்கரி. நான்கு அள்ளில் மூன்று பெட்கோக்! இன்னொன்றும் கண்ணில் பட்டது. நிலக்கரிக் குவியல் குறையவே இல்லை, முன்பு பார்த்ததைவிட உயர்ந்துதான் நின்றது. திருடுகிறவன் குவியலையா வளர்ப்பான்? அந்தக் கேள்வி அவருக்கு வராமல் இல்லை. 'மொத்தமா அள்ள வச்சிருக்கான்' என்று அதையும் தன் கட்சிக்கே இழுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை தட்டு வைத்துப் பரிமாறினாள். பாதிச் சாப்பாட்டில் கேட்டார்.

"நிலக்கரி எங்க போவுது மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடி சொன்னான். "எங்க போவுது? கிடங்குலதான் கிடக்கு."

"நான் மேலேருந்து பாத்தேன். மூணுக்கு ஒண்ணு போடுறீங்க. ஒருத்தன் கை வெந்து கிடக்கான். யாருக்கு விக்கிறதா பேச்சு?"

மாப்பிள்ளை முகம் செத்துப்போயிற்று. "மேனேஜர் சொன்னாரு மச்சான். மூணுக்கு ஒண்ணு போடு, கன்ட்ரோல் ரூமுக்குத் தெரிய வேணாம், உன் மச்சான் காதுல விழுந்தா சூளைய நிறுத்திட்டுத்தான் மறுவேலை பாப்பாருன்னு. மீறினா வேலை இருக்காதுன்னாரு. அதுலேருந்து உங்க மூஞ்சியப் பாக்கவே எனக்குத் தெம்பு இல்ல."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"நீங்க நம்பியிருப்பீங்களா?"

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். "இவரைத் திருடன்னு மனசுல வச்சுக்கிட்டுத்தான் என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டியாண்ணா?" என்றாள். அவர் எழுந்து கை கழுவினார். வாசல் வரை யாரும் வரவில்லை.

தங்கையின் கேள்வி வீடு வரை கூடவே வந்தது. அதோடு சந்தேகப் புழுவும் மறுபடி நெளிந்தது. மாப்பிள்ளை தப்பிக்க மேனேஜர் பெயரை இழுத்துவிட்டிருந்தால்?

காலையில் நேரே மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் கம்ப்யூட்டரில் மூழ்கியிருந்தார்.

"சார், மாப்பிள்ளை இன்னிக்கு லீவு. வேற ஆளு லோடர்ல ஏறுறான். கலவை என்னன்னு அவன்கிட்டச் சொல்லட்டும்?"

"அதே மூணுக்கு ஒண்ணுதான். மாத்த வேணாம்" என்றார் மேனேஜர், நிமிராமலே. சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது.

"செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து நெருக்கடி, உங்களுக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தார். "வேற ஆலைங்கள்ல இதைவிட அதிகமா எரிக்கிறாங்க. சூளை தாங்கும்."

"எரிக்கட்டும் சார். அங்க ஓட்டுறவனுக்கு என்ன எரியுதுன்னு தெரியும். காத்தைக் கூட்டுவான், அரைக்கிறதை நைசாக்குவான், அடைக்கிறதுக்கு முன்னாடியே கோபுரத்தைச் சுத்தம் பண்ணுவான். என் கண்ணைக் கட்டி விட்டுட்டீங்களே! இனிமே கலவை எனக்குத் தெரியாம மாறினா, அந்த நிமிஷமே சூளையை நிறுத்துவேன். யார் கேட்டாலும் காரணத்தையும் சொல்லுவேன்."

மேனேஜர் கத்தினார், பிறகு தணிந்தார், கடைசியில் ஒப்புக்கொண்டார். அன்றே கலவை பாதிக்குப் பாதிக்கு இறங்கியது. காற்றையும் அரைவையையும் சரிசெய்துகொண்டு, லேப் பெண்ணின் கணக்கை ஒவ்வொரு ஷிப்டும் பார்த்தபடி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, முடிவில் அதே மூணுக்கு ஒண்ணு கலவையிலேயே சூளை ஓடியது. கோபுரம் அடைக்கவில்லை. ஒட்டடையைக் கீழே பண்டகசாலை வேலையில் போட்டார்கள். கை முழுசாக மடங்கவில்லை, ஸ்பேனர் பிடிக்கும் அளவுக்குத் தேறியது.

மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. கிடங்குக்குப் போய், லோடர் ஏணியில் தொற்றிக்கொண்டு, என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தி, "தப்பு என்மேல மாப்பிள்ளை" என்றார். என்ன சொன்னார் என்பது காதில் விழாமல் மாப்பிள்ளை என்ஜினை அணைத்தான். அவர் இன்னொரு தரம் சொல்லவேண்டியதாயிற்று. இரண்டாவது தரம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நானும் சொல்லியிருக்கணும் மச்சான்" என்றான் அவன்.

தங்கை அவ்வளவு சீக்கிரம் இளகவில்லை. அண்ணியிடம் மணிக்கணக்கில் போனில் பேசுவாள், அவர் குரல் கேட்டதும் வைத்துவிடுவாள். அவளாகப் பேசட்டும் என்று அவர் காத்திருந்தார். அவள் அப்படி வைக்கும்போதெல்லாம், மாப்பிள்ளை அவளிடம் தன்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பான் என்று ஒரு நினைப்பு எழும். எழுந்த கையோடு தன்னையே திட்டிக்கொள்வார். அதற்குள் அந்தச் சந்தேகம் பாதி தூரம் போயிருக்கும்.