ஆஷ்வெல்லின் அடித்தட்டில் அரியரத்தினம்

அரியரத்தினம் நான்கு வருடம் போர்க்கப்பலில் இருந்தவர். ஆனால் கடலைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள். பாவம், மனிதருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போர் நேரம், இருபத்தொரு வயதில் திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். ஏறிய கப்பலின் பெயர் ஆஷ்வெல். சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகும் சின்ன நாசகாரிக் கப்பல் அது. ஏடனுக்குப் போனது, மொம்பாசாவுக்குப் போனது, கடைசியில் ரங்கூனுக்கும் போனது. வழியில் நீர்மூழ்கிகளைத் துரத்தியது. இதெல்லாம் கரையில் இறங்கிய பிறகு மற்றவர்கள் சொல்லி அவர் கேட்டவை. அவர் இருந்தது அடித்தட்டில், கொதிகலனுக்கு முன்னால். எண்ணெய் அடுப்பைக் கூட்டிக் குறைப்பதுதான் வேலை. புகைபோக்கியில் கரும்புகை எழுந்தால் எதிரி கண்டுவிடுவான். உடனே மேலே கட்டளை மேடையிலிருந்து குழாய் வழியாக அதிகாரியின் குரல் வந்து விழும்.

"புகை!"

"குறைக்கிறேன், சேர்!"

அத்தனை ஏச்சு வாங்கிக் கொடுத்த அந்தப் புகையை அவர் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

"கடல் எப்பிடி எண்டு கேட்டால், சூடு எண்டு சொல்லுற ஒரே மனிசன் இவர்தான்" என்பாள் மனைவி கல்யாணி. விருந்தாளிகளுக்கு முன்னாலேயே சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். உள்ளே சுருக்கென்று தைக்கும்.

போர் முடிந்ததும் ஆஷ்வெல்லை ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்தார்கள். கொஞ்சக் காலம் பயிற்சிக்கு வைத்திருந்துவிட்டு ஒரு மூலையில் கட்டிப் போட்டார்கள். அரியரத்தினமும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநான்கில் மகளின் பின்னால் சிட்னிக்கு வந்து சேர்ந்தார். கிடைத்த வேலை, ஓர் ஆஸ்பத்திரியின் கொதிகலனைப் பார்ப்பது. தலையெழுத்து, வேறென்ன! முழங்கால் வலியோடு மறுபடியும் அதே சூடு.

எழுபத்தேழில் ஆஷ்வெல்லை உடைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் கட்டளை மேடையில் ஒரு தடவையாவது நின்று கடலைப் பார்த்துவிட வேண்டும். உடைக்கும் யார்டுக்குப் போன் பண்ணிக் கெஞ்சினார். சனிக்கிழமை பின்னேரம் வரச் சொன்னார்கள்.

"காலை இழுத்து இழுத்து நடக்கிறியள். வீட்டிலை கிடந்து படுக்கலாம்தானே?" என்றாள் பஸ்ஸில் கூட வந்த கல்யாணி.

"ஒருக்கா மேலை ஏறிப் பாத்திட்டு வாறன். பிறகு படுக்கலாம்."

கல்யாணியை வாசலில் இருத்திவிட்டு உள்ளே போனார். கப்பல் இருந்தது. மேலே ஒன்றுமில்லை.

"மேலிருந்துதான் அறுத்துக்கொண்டு வருவோம். மேடை போன வாரமே போய்விட்டது" என்றான் ஃபோர்மன், சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமல்.

அப்படியே திரும்பியிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. தெரிந்த ஒரே இடத்துக்கு, ஏணியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார். படிக்குப் படி முழங்கால் அழுதது.

கீழே இருட்டாக இருக்கும் என்று நினைத்தார். வெளிச்சமாக இருந்தது. புகைபோக்கியையும் தளத்தையும் அறுத்து எடுத்த இடத்தில் வானம் தெரிந்தது. கொதிகலன் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தார். இத்தனை நாளும் வானம் இவ்வளவு கிட்டவா இருந்தது! முதலில் கோபம் வந்தது, பிறகுதான் அழுகை வந்தது.

"ஏய், நேரமாச்சு!" மேலிருந்து ஃபோர்மன் கத்தினான்.

"குறைக்கிறேன், சேர்!" என்றார் அரியரத்தினம். கை தானாகப் போய் அடுப்பின் எண்ணெய் வால்வைப் பிடித்திருந்தது. துருப்பிடித்த வால்வு அசையவில்லை.

வாசலில் கல்யாணி எழுந்து வந்தாள். "மேலை ஏறினியளே?"

"மேலை இல்லையப்பா. அறுத்துப்போட்டாங்கள். கீழைதான் போனனான்."

"பிறகு?"

"அங்கையிருந்தே வானம் தெரியுது."

கல்யாணி சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் அவருடைய நனைந்த தலையைத் துடைத்துவிட்டாள். அன்று மாலை ஆறு மணிக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை இருந்தது. அங்கே கொதிகலனுக்கு மேல் கூரை பத்திரமாக இருந்தது.