சக்கரத்துக்கு முன்னால் ஒரு பலாப்பழம்

கொல்லிமலை அடிவாரச் சரிவில் எங்கள் பஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது. யுத்தகாலம், பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடும் பஸ். டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார், பிடிக்கவில்லை.

"யாரும் குதிச்சிராதீங்க. கம்பியப் புடிச்சுக்குங்க" என்கிறார். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, இடப்பக்கச் சக்கரங்களை ஓரத்து மண்மேட்டில் உரசவிடுகிறார். பஸ் நிற்கிறது.

நாங்கள் சிலர் இறங்கியதும் அது மறுபடி நகரத் தொடங்குகிறது. எங்களோடு இறங்கிய, மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து சந்தைக்குப் போகும் ஓர் அம்மாள், கையிலிருந்த பெரிய பலாப்பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் போடுகிறார். பழம் பிளந்து, வண்டி நின்றுவிடுகிறது. அவசரமாகக் கற்களைத் தூக்கிவந்து அண்டை கொடுக்கிறோம்.

"விக்கப்போன பழமாச்சேம்மா" என்கிறேன்.

"போகட்டுமுங்க. உள்ளார இன்னும் ஆளுங்க இருந்தாங்கல்ல."

டிரைவர் வண்டிக்கடியில் படுத்து, கழன்ற பிரேக் கம்பியை மாட்டிவிட்டு எழுகிறார். கையெல்லாம் கிரீஸ், முகம் இன்னும் வெளிறியிருக்கிறது. அம்மாள் நசுங்காத சுளை ஒன்றை எடுத்து, கொட்டையை நீக்கி, அவரிடம் நீட்டுகிறார். அவர் தன் கைகளைக் காட்டித் தயங்குகிறார்.

"கை எதுக்குங்க? வாயத் தொறங்க சாமி."

நரைத்த மீசைக்கார டிரைவர், எங்கள் எல்லார் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்கிறார்.