பொங்கலுக்குப் பொங்கல் புது வெப்சைட்

கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஒற்றை அறை பிடித்து, வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைக்கிறேன். மார்கழி பிறந்தாலே எனக்கு அலுப்புத் தட்டிவிடும். காரணம், விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர். பொங்கலுக்குக் கடைக்கு வெள்ளையடிக்கிறவர், வெப்சைட்டுக்கும் அடித்தாக வேண்டும் என்பார். சுண்ணாம்பு வாளியோடு ஆள் ஏணியில் ஏறும் அதே வாரம் எனக்குப் போன் வரும். போன வருஷத்துப் பச்சை போய் மஞ்சள் வர வேண்டும், சாமி படம் இடப்பக்கமிருந்து நடுவுக்கு வர வேண்டும்.

முதன்முதலில் அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்ததும் நான்தான். சம்பா வத்தல் என்று நெட்டில் தேடினால் முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஊறுகாய் போடுகிறவர்களும் மசாலா அரைக்கிறவர்களும் எங்கிருந்தெல்லாமோ கூப்பிட்டு மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். கமிஷன் கடைக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டிய கட்டாயம் அண்ணாச்சிக்கு இல்லாமல் போனது. அவரை நம்பிச் சுற்றுப்பட்டில் மானாவாரி வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் நாலைந்து பேர் வத்தலை அவர் குடோனில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பிறகுதான் இந்த வருஷாந்திரப் புதுப்பிப்பு. முதல் தடவை இரண்டாம் பக்கத்துக்குப் போய், சில மாதத்தில் மேலே வந்தது. அடுத்த தடவை இன்னும் கீழே. அடிக்கடி மாற்றினால் இறங்கத்தான் செய்யும் என்று சொல்லிப் பார்த்தேன். அழுக்குச் சுவரை வைத்துக்கொண்டு பொங்கல் வைக்க முடியுமா என்று சிரிப்பார். கேட்டதைச் செய்து கொடுத்துத் தொலைப்போம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

போன பங்குனியில் குடோனில் வத்தல் கூரை முட்ட அடுக்கியிருந்தது. வாங்குகிறவர்களிடமிருந்து போன் மட்டும் வரவில்லை. அண்ணாச்சியே பழைய வாடிக்கைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஊறுகாய் போடுகிறவர். அவர் செல்போனில் சேமித்து வைத்திருந்த பக்கம் திறக்கவில்லையாம், தேடினாலும் காணோமாம். கடையை மூடிவிட்டீர்கள் போல என்று நினைத்து வேறு இடத்தில் வாங்கிவிட்டேன் என்றாராம். அதைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி பஸ் ஏறி என் அறைக்கே வந்துவிட்டார்.

நான் விளக்கினேன். தேடுபொறி ஒவ்வொரு பக்கத்தையும் அதன் முகவரியை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறது, இத்தனை வருஷம் சேர்ந்த நல்ல பெயரும் அந்த முகவரியோடுதான், பொங்கலுக்குப் பொங்கல் மாற்றும்போது முகவரியும் மாறிவிடுவதால் நேற்று வந்த புது ஆள் கணக்குத்தான் என்றேன். அதற்கு அண்ணாச்சி கேட்டார்.

"நான் வெள்ளைதான தம்பி அடிக்கச் சொன்னேன். வெள்ளையடிச்சா கடை அங்கனதான இருக்கும். நீ எதுக்குக் கடையத் தூக்கி வேற தெருவுல வச்ச?"

நிறத்தை மாற்ற முகவரியை மாற்ற வேண்டியதே இல்லை. அப்படியே மாற்றினாலும், பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடலாம். பக்கம் பக்கமாக உட்கார்ந்து செய்ய வேண்டிய சள்ளை பிடித்த வேலை அது. அதற்குச் சோம்பல்பட்டு, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு புது ரெடிமேட் டெம்ப்ளேட்டைத் தூக்கிப் போட்டு, அது கொடுத்த முகவரிகளை அப்படியே விட்டவன் நான். பழியை மட்டும் அவருடைய சுண்ணாம்பு வாளி மேல் போட்டுவந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் கோபப்படவில்லை, எப்போது பழையபடி வரும் என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே எல்லா முகவரிகளையும் சரிசெய்தேன். ஆனால் தேடுபொறி யார் அவசரத்துக்கும் அசையாது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. தையில் மாற்றுகிறோம். வத்தல் வந்து இறங்கும் மாசி பங்குனியில்தான் ஒவ்வொரு வருஷமும் தேடலில் அடியில் கிடந்திருக்கிறோம். சித்திரை முழுக்கத் தினமும் தேடிப் பார்த்தேன். குடோன் வெக்கையில் வத்தல் நிறம் மங்கத் தொடங்கியது. சம்சாரிகள் வந்து வந்து கேட்டுப் போனார்கள். வைகாசியில் அண்ணாச்சி எல்லா மூட்டைகளையும் கமிஷன் கடைக்கே ஏற்றிவிட்டார், அவர்கள் சொன்ன விலைக்கு.

ஆடியில் ஒருநாள் பார்த்தால், முதல் பக்கத்தில் நிற்கிறோம். அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார்.

"காலையில இருந்து போனு ஓயல தம்பி. சரக்கு இல்ல, இல்லன்னு சொல்லி வாய் வலிக்கு."