அகல்யா படித்த ஊடு

பானுப்பிரியா அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. நேர்காணலுக்குப் போய்வந்த இடங்களிலிருந்து பதில் வரவில்லை. அதுவரைக்கும் இருக்கட்டுமே என்று, வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காகக் குமணன்சாவடியில் ஒரு அறக்கட்டளை நடத்திய மாலை வகுப்பில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தாள்.

அகல்யா அங்கே வந்தவள்தான். நான்காம் வகுப்பு. பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் மளமளவென்று ஒப்பிப்பாள். விரல் மட்டும் வேறு வரியில் நிற்கும். மற்றவர்கள் படிப்பதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள். எழுத்து தெரியாது. பானுப்பிரியா இதைச் சொன்னபோது அகல்யாவின் அம்மா அஞ்சலை நம்பவில்லை. "இன்னா மிஸ், கடகடன்னு படிக்கிது. நீ போயி படிக்கத் தெர்லன்றே."

பானுப்பிரியா புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டாள். தினமும் பலகையில் புதிதாக ஒரு வரி எழுதினாள். மாதக்கணக்கில் அகல்யா எழுத்துக் கூட்டினாள், அழுதாள், தண்ணீர் குடிக்கப் போனாள். ஒரு மாலை, 'எங்கள் வீடு ஓட்டு வீடு' என்ற வரியில் விரலை வைத்து மெல்லச் சொன்னாள்: "எங்க ஊடு... ஓட்டு ஊடு."

பானுப்பிரியாவுக்குச் சிலிர்த்தது. மனப்பாடமாக இருந்தால் வீடு என்றுதான் வந்திருக்கும். எழுத்தைப் பார்த்துப் பொருள் புரிந்ததால்தான் அவள் தினமும் பேசுகிற ஊடு வந்தது.

அறக்கட்டளையிலிருந்து ஜானகிராமன் சோதிக்க வந்தார். பலகையைப் பார்த்து அகல்யா அதே மாதிரி ஊடு என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "ஊடா? இதைத்தான் சொல்லிக்குடுக்கிறீங்களாம்மா?" பானுப்பிரியா விளக்கியதை அவர் காதில் வாங்கவில்லை. புத்தகத்தை அகல்யாவிடம் நீட்டினார். அவள் ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அகல்யா பலகைப் பக்கமே திரும்பவில்லை. "புக்கு குடு மிஸ். அதான் நல்லா வருது."

பானுப்பிரியா கொடுக்காமல் நின்றாள். கைடை உருப்போட்டுத்தான் அவளும் பட்டம் வாங்கியிருந்தாள். நேர்காணலில் கைடில் இல்லாததைக் கேட்டபோதெல்லாம் வாயடைத்துப்போனது நினைவுக்கு வந்தது. தனக்கே வராத ஒன்றை இந்தப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? 'வீடு' என்று எழுதி, "ஊடுன்னே சொல்லு அகல்யா, அதான் சரி" என்றாள்.

அகல்யா தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில், புத்தகம் இல்லாமலே, கண்ணை மூடிக்கொண்டு முதல் பாடத்தை ஆரம்பித்தாள். கூப்பிட வந்த அஞ்சலை கதவருகே நின்று, முகமெல்லாம் பூரிப்பாகக் கேட்டாள்.

"இப்ப இன்னா சொல்றே மிஸ்?"

பானுப்பிரியா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.